கற்பூரம் எங்கே போகிறது?



இந்த மாதப் பாடத்தை ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். தப்பு என்னோடதுதான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஆடித் திருவிழாவுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது, ஜெஞ்சாரோம் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்து ஓரமா இருக்கிற ஒரு சின்னக் கோயிலில் நாங்க இளைஞர்கள் எல்லாம் சேர்ந்து கோத்தோங் ரோயோங் வெச்சோம். புல் வெட்டினோம், கால்வாய் தூர் எடுத்தோம், காய்ந்த மட்டை, வாழைச் சருகு, பழைய பந்தல் கீற்று எல்லாத்தையும் கோயிலுக்குப் பின்னாடி குவிச்சோம். குவியல் ஆள் உயரத்துக்கு வந்துடுச்சு. மழை பெய்து மூணு வாரம் ஆகியிருந்தது. "லோரிக்கு எதுக்கு வெட்டியா காசு, இங்கேயே கொளுத்திடலாம்"னு சொன்னது நான். அப்போ செயலாளர் நான்தான், அதனால யாரும் மறுத்துப் பேசல.

சாயந்தரத்துக்குள்ள எல்லாம் எரிஞ்சு முடிஞ்சது. நாலு வாளி தண்ணி ஊத்தினோம். வேலை முடிஞ்சதுன்னு வீட்டுக்குப் போயிட்டோம்.

மறுநாள் காலையில பூசாரி ஐயா போன் பண்ணாரு. "ஏம்மா, நேத்து சரியா அணைச்சீங்களா? தரையிலேர்ந்து புகை வருதும்மா." போய்ப் பார்த்தா, நாங்க கொளுத்தின இடத்தில் ஒண்ணுமே இல்ல. அதுக்கு ஏழெட்டு அடி தள்ளி, வெறும் மண்ணிலிருந்து புகை எழும்புது. மண்வெட்டியால ஒரு கொத்து கொத்தினா, உள்ளே கருப்பு மண்ணே செக்கச்செவேல்னு கனிஞ்சுக்கிட்டு இருக்கு.

பொம்பாவுக்குச் சொன்னோம். மூணு நாள் வந்து தண்ணி விட்டாங்க. முதல் நாள் மேலே எல்லாம் அடங்கின மாதிரி தெரிஞ்சதும் நான் நன்றி சொல்லப் போனேன். அந்தத் தீயணைப்பு வீரர் தலையை ஆட்டி, தரையைக் காட்டி, "டி பாவா மாசே ஹிடுப்" என்றார். கீழே இன்னும் உயிரோட இருக்கு என்று அர்த்தம்.

அந்த மூணு ராத்திரியும் காற்று எங்க தாமான் பக்கமாத்தான் அடிச்சது. என் தம்பிக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு. ரெண்டாவது ராத்திரி அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போய் நெபுலைசர் வெச்சோம். திரும்பி வரும்போது காரில் பின்சீட்டில் சாய்ந்தபடி கேட்டான்: "ஏன்க்கா, மண்ணு எப்படிக்கா எரியும்?"

பொறியியல் படிக்கிற எனக்கு உடனே பதில் சொல்ல வரல. இந்தக் கட்டுரைதான் அவனுக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில்.

ஒரே ஒரு சமன்பாடு

முதலாம் ஆண்டில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் விஷயம் பொருள் சமநிலை. கேட்கப் பெருசா இருக்கும், ஆனா கணக்கு இவ்வளவுதான்:

உள்ளே வந்தது − வெளியே போனது = உள்ளே சேர்ந்தது

தண்ணீர்த் தொட்டிக்கும் இதே கணக்கு, தொழிற்சாலைக்கும் இதே கணக்கு. பொருள் எதுவும் சும்மா காணாமல் போகாது. கண்ணுக்குத் தெரியலைன்னா, எங்கேயோ போயிருக்குன்னு அர்த்தம். இந்தக் கணக்கைக் கார்பனுக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழில் கரிமம். அடுப்புக்கரியில் இருப்பது அதுதான், அரிசியிலும் நம் தசையிலும் இருப்பதும் அதுதான்.

கோயிலில் தீபாராதனை நேரத்தில் தட்டில் கற்பூரம் எரிகிறது. கொஞ்ச நேரத்தில் தட்டில் ஒண்ணும் மிச்சமில்லை. கற்பூரம் மாதிரி நம் ஆணவம் மிச்சமில்லாமல் கரையணும் என்று பெரியவங்க சொல்வாங்க. அது மனசுக்கான பாடம். பொருளுக்கான பாடம் வேற. கற்பூரத்தின் ஒரு மூலக்கூறில் 10 கார்பன் அணு, 16 ஹைட்ரஜன் அணு, 1 ஆக்சிஜன் அணு இருக்கு. எரியும்போது அந்தப் பத்துக் கார்பனும் காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து கரிவளியாக மாறுது. ஒரு கிராம் கற்பூரம் முழுசா எரிந்தால் ஏறக்குறைய 2.9 கிராம் கரிவளி வரும். ஒரு கிராம் எப்படி மூணு கிராம் ஆச்சு? காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்து சேர்ந்ததால். முழுசா எரியாத கார்பன் கருப்புப் புகையாகி, மேலே விதானத்தில் படிந்திருக்கும். தீபாராதனை பார்த்தவர்கள் எல்லாரும் அதையும் பார்த்திருப்பீங்க.

ஆக, கற்பூரம் அழியவில்லை. இடம் மாறியது.

விபூதிக்கும் இதையே போட்டுப் பாருங்க. சாணத்தை உருட்டிக் காயவைத்து எரிக்கிறோம். ஒரு கூடை உருண்டை எரிந்தால் கையளவு சாம்பல்தான் மிஞ்சும். அந்தச் சாம்பலில் இருப்பது சிலிக்கா, கால்சியம், பொட்டாசியம் போன்ற, எரிந்தும் காற்றாகாத தாதுக்கள். மாடு தின்ற புல்லின் கார்பன் பெரும்பாலும் காற்றோடு போயிடுச்சு. எல்லாம் ஒரு பிடி சாம்பல்தான் என்று சொல்வோம். கணக்குப்படி சாம்பல் கொஞ்சம்தான், மிச்சம் எல்லாம் காற்று.

மரம் எதனால் ஆனது?

இப்போ எதிர்த்திசையில் போவோம். ஒரு பெரிய ஆலமரம். இத்தனை டன் எடை அதுக்கு எங்கேயிருந்து வந்தது? வகுப்பில் கேட்டால் பாதிப்பேர் "மண்ணிலிருந்து" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன்.

வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜியம் நாட்டு ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். அவருடைய முடிவு 1648-ல் அச்சில் வந்தது. ஒரு தொட்டியில் காய்ந்த மண்ணை எடை போட்டு நிரப்பி, ஒரு சின்ன வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து வருஷம் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறக்குறைய 74 கிலோ கூடியது. மண் குறைந்தது 60 கிராம் அளவுக்குத்தான். மரம் முழுக்க தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். பாதி சரி. அவர் கணக்கில் விட்டுப்போனது காற்று.

ஒளிச்சேர்க்கை பள்ளியிலேயே படித்ததுதான். இலை காற்றிலிருந்து கரிவளியை எடுத்து, வேர் தரும் தண்ணீரோடு சேர்த்து, சூரிய வெளிச்சத்தில் சர்க்கரை செய்கிறது, உயிர்வளியை வெளியே விடுகிறது. அந்தச் சர்க்கரைதான் பிறகு மரமாகவும் இலையாகவும் பழமாகவும் மாறுது. காய்ந்த மரக்கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அத்தனையும் காற்றிலிருந்து வந்தது.

எங்க பாட்டி கேரித் தீவு பக்கம் ஒரு தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல பால்மரம் வெட்டினவங்க. விடிகாலையில மரத்துக்கு மரம் ஓடி, மங்கில் சொட்டின பாலை வாளியில் சேர்த்துத் தூக்கிட்டு வந்தாங்க. ரப்பரும் கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்ததுதான். "பாட்டி, நீங்க அத்தனை வருஷமும் சுமந்தது காத்துதான்"னு ஒரு நாள் சொன்னேன். "காத்தா? வந்து தூக்கிப் பாரு, தோள்பட்டை சொல்லும்"னாங்க.

அந்த மரத்துக்கு வந்த அதே கார்பன்தான் நமக்கும். நெல் காற்றிலிருந்து எடுத்த கார்பன் பொங்கலாகி நம் வயிற்றுக்குள் போகுது. உடம்பு அதை மெதுவா எரிச்சு சக்தி எடுத்துக்குது. மூச்சில் கரிவளி வெளியே போகுது. ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு கிலோ கரிவளி வெளியே விடுகிறார். "அப்போ மூச்சு விடுறதும் தப்பா?"ன்னு தம்பி கேட்டான். இல்ல. போன பருவத்தில் நெல் எடுத்ததைத்தான் இந்தப் பருவத்தில் நாம் திருப்பிக் கொடுக்கிறோம். உள்ளே வந்ததும் வெளியே போனதும் சமம். இது சின்னச் சுற்று. சில மாதத்தில், சில வருஷத்தில் முடிந்துவிடும். இலை உதிர்ந்து மக்குவதும், மாடு புல் தின்பதும், வாழைச் சருகை எரிப்பதும் இந்தச் சின்னச் சுற்றில்தான் வரும்.

பெரிய சுற்று

எல்லாக் கார்பனும் இவ்வளவு சீக்கிரம் திரும்பிவிடாது. கொஞ்சம் மண்ணுக்கடியிலும் கடலடியிலும் புதைந்து கோடிக்கணக்கான வருஷத்தில் நிலக்கரியாகவும் பெட்ரோலியமாகவும் மாறியிருக்கு. நம் சிலாங்கூரில் பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி தோண்டினார்கள். கிள்ளானுக்கு வடக்கே காப்பார் மின் நிலையத்தில் இன்றும் நிலக்கரி எரிகிறது. பெட்ரோல் அடிக்கும்போதும், விளக்கு போடும்போதும், கோடி வருஷமாகத் தூங்கிய கார்பனை நாம் எழுப்பி மேலே அனுப்புகிறோம்.

பிளாஸ்டிக்கும் இந்தக் கணக்கில்தான் சேரும். பெட்ரோலியத்திலிருந்து செய்த பொருள் அது. 2018 ஜனவரியில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை வாங்குவதை நிறுத்தியதும், அந்தக் கழிவு நம் பக்கம் திரும்பியது. கோல லங்காட் மாவட்டத்தில் உரிமம் இல்லாத 30-க்கும் மேற்பட்ட ஆலைகளை அரசாங்கம் மூட வேண்டியிருந்தது. ஜெஞ்சாரோம் என்ற பேர் உலகச் செய்திகளில் அடிபட்டது அப்போதுதான். ராத்திரியில் திருட்டுத்தனமாக எரித்த பிளாஸ்டிக்கின் நாற்றம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். அந்தப் புகையில் இருந்ததும் நிலத்தடியிலிருந்து வந்த பழைய கார்பன்தான்.

இப்போ உலகத்துக்கே பொருள் சமநிலை போட்டுப் பார்ப்போம். வளிமண்டலம்தான் தொட்டி. அதில் இன்றைக்குச் சுமார் 870 பில்லியன் டன் கார்பன் இருக்கு. நிலத்திலுள்ள செடிகொடிகள் ஒளிச்சேர்க்கையில் ஒரு வருஷத்துக்குச் சுமார் 120 பில்லியன் டன் எடுக்குது. சுவாசத்திலும் மக்குவதிலும் கிட்டத்தட்ட அத்தனையும் திரும்பி வந்துவிடும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதால் நாம் சேர்ப்பது வருஷத்துக்குச் சுமார் 10 பில்லியன் டன்.

இங்கேதான் நிறைய பேர் தடுமாறுவாங்க. "120 எங்கே, 10 எங்கே? நாம சேர்க்கிறது கொஞ்சம்தானே?" சமன்பாட்டைத் திரும்பப் பாருங்க. அந்த 120 வெளியே போய் உள்ளே வருவது. நாம் சேர்க்கும் 10 உள்ளே மட்டும் வருவது. அதில் பாதியைக் கடலும் காடும் வாங்கிக்கொள்கின்றன. மீதிப் பாதி தொட்டியிலேயே தங்குது. ஒவ்வொரு வருஷமும் தங்குது. தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு கரிவளி இருந்தது. 1958-ல் ஹவாயித் தீவின் மௌனா லோவா மலையில் அளக்க ஆரம்பித்தபோது சுமார் 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கரிவளி வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. அதனால் பூமி சூடாகிறது.

சரி, எங்க கோயிலுக்குப் பின்னாடி எரிந்த மண் எந்தச் சுற்றில் சேர்ந்தது?

மூடி போட்ட ஊறுகாய் ஜாடி

கோல லங்காட்டிலும் கிள்ளானின் ஜொஹான் செத்தியா பக்கத்திலும் பல இடங்களில் நிலம் சாதாரண மண் இல்லை. மலாயில் தானா கம்புட் என்பார்கள். கருப்பா, பஞ்சு மாதிரி, ஈரமா இருக்கும். கையில் எடுத்துப் பிழிந்தால் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வடியும். உள்ளே நார் நாராக வேர், மரத்துண்டு தெரியும். மண் என்று சொல்வது ஒரு வசதிக்காகத்தான். அது முழுசா மக்கி முடியாத மரமும் இலையும்.

மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் கடல் மெல்லப் பின்வாங்கிய பிறகு, ஏறக்குறைய 5,000 வருஷத்துக்கு முன்பிலிருந்து, சதுப்புக் காடுகள் வளர ஆரம்பித்தன. மழைத்தண்ணீர் வடியாமல் தேங்கி நின்றது. உதிர்ந்த இலை, ஒடிந்த கிளை, சாய்ந்த மரம் எல்லாம் அந்தத் தண்ணீருக்குள் விழுந்தன. மக்கணும் என்றால் நுண்ணுயிர்களுக்கு உயிர்வளி வேண்டும். தேங்கிய தண்ணீருக்குள் அது இல்லை. அதோடு அந்தத் தண்ணீர் நல்ல புளிப்பு.

வீட்டில் மாங்காய் ஊறுகாய் போடுறப்ப பாட்டி என்ன பண்ணுவாங்க? உப்பும் புளிப்பும் சேர்த்து, மேலே எண்ணெய் மிதக்க விட்டு, ஜாடியை மூடி வைப்பாங்க. காற்று படாது, கெடாது. சதுப்புக் காடும் இதையேதான் செய்தது. தண்ணீர்தான் மூடி. போன வருஷத்து இலைமேல் இந்த வருஷத்து இலை, அதன்மேல் அடுத்தது. ஒரு வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர்தான் சேரும். ஆயிரக்கணக்கான வருஷத்தில் அது பல மீட்டர் ஆழமாச்சு.

ஆக இந்த மண், சின்னச் சுற்றில் கிளம்பி வழியிலேயே நின்றுவிட்ட கார்பன். விட்டிருந்தால் கோடி வருஷத்தில் நிலக்கரியாகியிருக்கலாம். உலக நிலப்பரப்பில் இப்படிப்பட்ட நிலம் சுமார் 3 விழுக்காடுதான். ஆனால் உலகத்துக் காடுகளின் மரங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பன் இதற்குள் இருக்கு.

இப்போ தம்பியோட கேள்விக்குப் பதில் வந்துடுச்சு. மண் எரியல. நாங்க பற்ற வைத்தது 5,000 வருஷத்து விறகை.

தண்ணியை வடிச்சா என்ன ஆகும்?

ஈரமா இருந்தா அது எரியாது. அப்புறம் எப்படி எரிந்தது? அந்தக் கோயிலைச் சுற்றிலும் தோட்டத்துக் கால்வாய். செம்பனை வேர் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் வளராது. அதனால் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிப்பார்கள். வடித்த அன்றைக்கே ஜாடியின் மூடி திறந்த மாதிரி. உயிர்வளி உள்ளே போகும், நுண்ணுயிர்கள் வேலையை ஆரம்பிக்கும், கார்பன் கரிவளியாகி மேலே போகும். நெருப்பே வேண்டாம். புகை இல்லாமல், சத்தமில்லாமல் நடக்கும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். தென்கிழக்காசியாவில் தண்ணீர் வடித்த கம்புட் நிலம் முதல் சில வருஷத்தில் வேகமாக இறங்கும், பிறகு வருஷத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டே இருக்கும். இதில் ஒரு பகுதி மண் அமுங்குவது, பெரும்பகுதி கார்பன் காற்றோடு போவது. ஒரு வருஷத்தில் இறங்குகிற அந்த 5 சென்டிமீட்டரைத் திரும்பச் சேர்க்கக் காட்டுக்கு 25 முதல் 50 வருஷம் பிடிக்கும். இருபது வருஷத்தில் ஒரு மீட்டர் இறங்கினால், கடைசியில் நிலம் ஆற்று மட்டத்துக்கோ கடல் மட்டத்துக்கோ வந்துவிடும். அப்புறம் தண்ணீரை வடிக்கவே முடியாது.

"செம்பனையும் மரம்தானே, அது கரிவளியை எடுக்காதா?" என்று கேட்பீர்கள். எடுக்கும். ஆனால் சுமார் 25 வருஷத்தில் அதைச் சாய்த்துத் துண்டு போட்டு, அங்கேயே மக்கவிட்டு, மறுநடவு செய்வார்கள். பழம் எண்ணெயாகி, நாம் சாப்பிட்டு, மூச்சாக விட்டுவிடுவோம். செம்பனையின் கணக்கு சின்னச் சுற்றில் முடிந்துவிடும். அதன் காலடியில் திறந்து கிடப்பது ஆயிரம் வருஷத்துக் கணக்கு. பச்சையாக இருப்பதெல்லாம் சேமிப்பு ஆகிவிடாது.

இதோடு நெருப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று 1997-ல் உலகம் பார்த்தது. அந்த வருஷம் இந்தோனேசியாவில் எரிந்த காட்டிலிருந்தும் கம்புட் நிலத்திலிருந்தும் வெளியான கார்பன், உலகம் முழுக்க ஒரு வருஷத்தில் நிலக்கரி, எண்ணெய் எரித்து வெளியேற்றும் அளவில் 13 முதல் 40 விழுக்காடு வரை இருந்தது. 2005 ஆகஸ்டில் புகைமூட்டம் கூடி, போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்கள். பள்ளிக்கூடம் மூடி நாம் வீட்டில் உட்கார்ந்த 2015, 2019 புகைமூட்டங்கள் உங்களுக்கே தெரியும். எல்லாப் புகையும் சுமத்ராவிலிருந்து வருவதில்லை. ஜொஹான் செத்தியாவில் வறண்ட காலத்தில் கம்புட் மண் அடிக்கடி தீப்பிடிக்கும். உள்ளூர்ப் புகையும் அதில் உண்டு. அந்தக் கணக்கில் ஒரு கோயில் பின்கட்டும், ஒரு செயலாளரும் உண்டு.

நடந்ததைப் பாட்டிகிட்ட சொன்னேன். திட்டல. "அந்தக் காலத்துல இந்தப் பக்கம் மழை விட்டு ஒரு மாசம் ஆச்சுன்னா, பீடி பத்த வைக்கக்கூட கிராணி விடமாட்டாரு. ஏன்னு நாங்க கேட்டதில்ல"ன்னாங்க. ஏன் என்று தெரியாமலேயே அவங்க அந்த மண்ணுக்குப் பயந்து நடந்தாங்க. எல்லாம் படிச்ச நான் நாலு வாளி தண்ணியோட வீட்டுக்குப் போயிட்டேன்.

நம் கையில் என்ன இருக்கு?

ஒண்ணுமே பண்ண முடியாது என்று நினைக்க வேண்டாம். நம் மாவட்டத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. கோல லங்காட் வடக்கு வனக் காப்பகம் 1927-ல் அரசிதழில் பதிவானது. அப்போது 7,000 ஹெக்டருக்கு மேல் இருந்த காடு, இன்றைக்கு 1,000 ஹெக்டருக்கும் குறைவு. அதிலும் 536.7 ஹெக்டரை வளர்ச்சித் திட்டத்துக்காகக் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கியது 2021-ல் தெரியவந்தது. அந்தக் காட்டை நம்பி வாழும் தெமுவான் பூர்வகுடி மக்களும், சுற்றுச்சூழல் அமைப்புகளும், பொதுமக்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் மாநில அரசு அந்த முடிவை ரத்து செய்தது.

கோல சிலாங்கூர் பக்கம் ராஜா மூசா வனக் காப்பகத்தில் எரிந்துபோன கம்புட் நிலத்தை 2008-லிருந்து சிலாங்கூர் வனத்துறையும் தொண்டர்களும் சேர்ந்து மீட்டு வருகிறார்கள். முதலில் கால்வாய்களை அடைத்துத் தண்ணீரை ஏற்றுகிறார்கள், அப்புறம்தான் மரம் நடுகிறார்கள். இந்த வரிசையைக் கவனியுங்க. மூடியைப் போடாமல் ஊறுகாயைக் காப்பாற்ற முடியாது. மரம் நடும் விழா என்றால் நாம் ஓடிப்போய் படம் எடுத்துக்கொள்கிறோம். கம்புட் நிலத்தில் மண்மூட்டை சுமந்து கால்வாய் அடைப்பதும் மரம் நடுவதைப்போலவே முக்கியம்.

செம்பனைத் தோட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு அது சோறு போட்டது, இன்னும் போடுகிறது. ஏற்கெனவே நட்ட தோட்டத்திலும் கால்வாயில் தடுப்புப் பலகை வைத்து, தண்ணீர் மட்டத்தைத் தரைக்குக் கீழே 40 முதல் 60 சென்டிமீட்டருக்குள் நிறுத்தலாம். அதுதான் பரிந்துரைக்கப்பட்ட முறை. மட்டம் 10 சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கினாலே, ஹெக்டருக்கு வருஷத்துக்குச் சுமார் 9 டன் கரிவளி கூடுதலாகப் போகும் என்று ஒரு கணக்கு சொல்கிறது. இதை அளக்க ஒரு குழாயும் ஒரு அளவுகோலும் போதும். பொறியியல் என்றால் எப்போதும் பெரிய இயந்திரம் இல்லை.

கடைசியா நம்ம கோயில். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்க கிளையில் மூணு முடிவு எடுத்தோம்.

1. கருப்பு மண் உள்ள இடத்தில் குப்பை, இலை, மட்டை எதையும் கொளுத்துவதில்லை. மழைக்காலமானாலும் சரி.

2. இலை தழையும் அன்னதானத்து வாழையிலையும் தொட்டியில் போட்டு உரமாக்குவது. முடியாததை லோரிக்குக் காசு கொடுத்து அனுப்புவது.

3. ஹோமம், அக்னிச் சட்டி, தீமிதி எதுவானாலும், நெருப்பு சிமெண்ட் தரையிலோ கனமாகக் கொட்டிய ஆற்றுமணல்மேலோதான். முடிந்ததும் ஒரு ஆள் இருந்து, மறுநாள் காலையும் தரையைத் தொட்டுப் பார்ப்பது. புகை கண்டால் உடனே 999.

ஒரு உண்மையையும் சொல்லிடணும். வாழைச் சருகை உரமாக்கினாலும் அதன் கார்பன் பெரும்பாலும் காற்றுக்குத்தான் திரும்பும். எரிப்பதற்கும் அதற்கும் அந்த இடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம், அடியில் இருக்கிற மண் தப்பிப்பதிலும், பக்கத்து வீட்டுப் பிள்ளை அந்தப் புகையைச் சுவாசிக்காமல் இருப்பதிலும் இருக்கு.

போன ஆடிக்குத் தம்பியும் கோத்தோங் ரோயோங்குக்கு வந்தான். லோரி வரத் தாமதமாச்சு, வெயில் ஏறிடுச்சு. புதுசா சேர்ந்த ஒரு பையன் லைட்டரை எடுத்து, "கொளுத்திடலாமா?"ன்னு கேட்டான். நான் வாயைத் திறக்கும் முன்னாடியே தம்பி குனிஞ்சு ஒரு கை மண்ணை அள்ளி அவன்கிட்ட காட்டி, "இதுல வேர் தெரியுதா பாருண்ணே"ன்னு ஆரம்பிச்சான். லோரி வர்ற வரைக்கும் பேசினான்.

வாரக் கூட்டத்தில் பேச சில கேள்விகள்

1. உங்கள் வீட்டில் இன்று பயன்படுத்திய ஐந்து பொருள்களை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள கார்பன் சின்னச் சுற்றா, பெரிய சுற்றா?

2. வான் ஹெல்மான்டின் தொட்டிக்கு நீங்களே பொருள் சமநிலை போடுங்கள். உள்ளே வந்தவை எவை, வெளியே போனவை எவை?

3. உங்கள் கோயில் எந்த மண்ணில் நிற்கிறது? ஒரு கை மண்ணை எடுத்துப் பிழிந்து பாருங்கள். பக்கத்துக் கால்வாயில் தண்ணீர் தரைமட்டத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது? வறண்ட மாதத்தில் ஒரு முறை, மழை மாதத்தில் ஒரு முறை அளந்து குறித்து வையுங்கள்.

4. உங்கள் கிளையின் அடுத்த திருவிழாவுக்கு நெருப்பு எங்கே, யார் பொறுப்பில், எப்போது அணைப்பது என்று ஒரு தாளில் எழுதி முடிவு செய்யுங்கள்.